முழுத் தானியத்துக்கு மாறினால் பியர் சரியாகிவிடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. டின்னில் வரும் மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் கெட்டிச் சாற்றை, வாங்கி இரண்டு முறை வீட்டில் பியர் போட்டிருக்கிறீர்கள். முதல் முறை, வாயில் வைத்ததும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை. இரண்டாம் முறை பெயின்ட் தின்னர் மாதிரி தொண்டையை எரிக்கும் காட்டம். "டின் சரக்கு சரியில்லை, இனிமேல் சாறு இல்லாமல் முழுத் தானியத்திலிருந்தே செய்யப்போகிறேன், என்னென்ன வாங்கணும்? ஆறு வாரத்தில் தீபாவளி, மச்சான் வருகிறார், அதற்குள் ஆகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறுங்கள், தாராளமாக மாறுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் டின்னால் வந்தவை அல்ல. பிளாஸ்திரி வாடை தண்ணீரால் வந்தது. தின்னர் காட்டம் சூட்டால் வந்தது. இந்த இரண்டையும் கவனிக்காமல் தானியத்துக்கு மாறினால், இன்னும் அதிக வேலை செய்து அதே பியரைத்தான் எடுப்பீர்கள். தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசமாகக்கூட ஆகலாம், ஏனென்றால் தானியத்தில் செய்யும்போது நம் குழாய்த் தண்ணீர் இன்னும் அதிகமாக உள்ளே போகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பளபளவென்று 30 லிட்டர் பானை, கொதித்த சாற்றைக் குளிர வைக்கும் செப்புச் சுருள், தானிய அரவை மெஷின் எல்லாம் வாங்கிய பிறகு, 18 லிட்டர் பியரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். புளிக்க வைத்த வாளியில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டை 34 டிகிரி காட்டியது. அன்றைக்குத்தான் புரிந்தது: சிங்கப்பூரில் பியர் போடுகிறவர் முதல் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் பானை இல்லை, புளிக்க வைக்கும் இடத்தின் குளிர்ச்சி.

தண்ணீரை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு மிக நல்ல தண்ணீர். ஆனால் கிருமி வராமலிருக்க அதில் இருப்பது வெறும் குளோரின் இல்லை, குளோரமின். குளோரின் என்றால் ஓர் இரவு திறந்து வைத்தால் பறந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, பிடிவாதமாக நிற்கும். மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் வரும் ஃபீனால் பொருள்களோடு அது சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். உங்கள் பிளாஸ்திரி வாடை அதுதான். வாளியை ப்ளீச் ஊற்றிக் கழுவியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். இனி ப்ளீச் வேண்டாம். அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கி ஒரு பாட்டில் வாங்கித் தெளிப்பானில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் வரும்.

குளோரமினுக்கு மருந்து கேம்டன் மாத்திரை, அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். நீங்கள் எடுக்கப்போகும் 16 லிட்டருக்குக் கால் மாத்திரை. இரண்டு கரண்டியின் நடுவில் வைத்துப் பொடித்துத் தண்ணீரில் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. சில காசு செலவு. இந்த ஒன்றைச் செய்த பிறகு உங்கள் பியரில் பிளாஸ்திரி வாடை தங்கினால், அப்புறம்தான் காட்டு ஈஸ்ட் புகுந்ததா என்று யோசிக்கணும்.

நம் தண்ணீரில் இன்னொரு விஷயம், கனிமம் குறைவு. அது குறை இல்லை, வசதி. எழுதாத பலகை போல, வேண்டியதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். 16 லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் குளோரைடு, 1 கிராம் ஜிப்சம் போட்டால் வெளிர் நிறப் பியருக்குப் போதுமான கால்சியம் வந்துவிடும், தானியமும் சுடுநீரும் சேர்ந்த கலவையின் பிஹெச் (புளிப்பு அளவு) 5.2 முதல் 5.6 வரையான எல்லைக்குள் இறங்கவும் உதவும். முதல் தடவை இதைக்கூட விட்டுவிடலாம். கேம்டனை மட்டும் விடாதீர்கள்.

இப்போது சூடு. பியர் செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி குளிர் ஊர்களில் எழுதப்பட்டவை. "வீட்டில் இருட்டான ஒரு மூலையில் வையுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் மூலை 18 டிகிரி. நம் வீட்டு மூலை நள்ளிரவிலும் 28, பகலில் 31. அதோடு ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கக்கும். அறையைவிட வாளிக்குள் 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கும். இட்லி மாவுக்கு இந்த வெக்கை வரம், காலையில் அரைத்தால் மாலைக்குள் பொங்கிவிடும். வீட்டுப் பியருக்கு வழக்கமாகப் போடும் சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டுக்கு இது கொடுமை. 18 முதல் 20 டிகிரியில் அமைதியாக வேலை செய்ய வேண்டியதை 33 டிகிரியில் தள்ளினால், அது அவசர அவசரமாகப் பெருகி, எத்தில் அசிடேட்டையும் கனமான ஆல்கஹால்களையும் கக்கிவிடும். நீங்கள் சொன்ன தின்னர் காட்டம் அதுதான். பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் அது முழுசாகப் போகாது.

டின்னுடன் வரும் ஈஸ்ட் பொட்டலத்துக்கும் இதில் பங்கு உண்டு. டின் மூடிக்கு அடியில், கப்பலிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் சூட்டில் கிடந்து பாதி செத்திருக்கும். மால்ட் சாறும் வெக்கையில் கிடந்தால் கறுத்து, பழைய வெல்லம் போல ஒரு வாடை வரும். தானியத்துக்கு மாறச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் முதல் காரணம் இதுதான். முழு மால்ட் தானியம் சாற்றைவிட இந்த ஊரை நன்றாகத் தாங்கும்.

சூட்டைச் சமாளிக்க மூன்று வழி. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஒன்று, கரோசல் என்ற இணையச் சந்தையில் பழைய சிறிய குளிர்சாதனப் பெட்டி. நான் 80 வெள்ளிக்கு வாங்கினேன். வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்றை அதன் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகி, உணர்வு முனையை வாளியின் பக்கவாட்டில் பஞ்சு வைத்து ஒட்டிவிட வேண்டும். முனையைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். நமக்கு வேண்டியது பெட்டியின் வெப்பம் இல்லை, பியரின் வெப்பம். இதுதான் நிரந்தரத் தீர்வு. வீட்டில் இடமும் வீட்டுக்காரம்மாவின் சம்மதமும் வேண்டும்.

இரண்டாவது, பெரிய தொட்டியில் தண்ணீர், அதற்குள் வாளி, காலையும் இரவும் இரண்டிரண்டு 1.5 லிட்டர் பாட்டிலை ஐஸாக உறைய வைத்துப் போடுவது. 22 டிகிரியில் நிறுத்தலாம். முதல் மூன்று நாள்தான் உயிர், சுவையைக் கெடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் அப்போதுதான் உண்டாகும். அதற்குப் பிறகு அறைச் சூட்டுக்கு ஏறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஈரத் துணி சுற்றி விசிறி போடும் முறையை மட்டும் நம்பாதீர்கள். வறண்ட ஊரில் அது அருமையாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, துணி காய்ந்தால்தானே குளிரும்?

மூன்றாவது, உங்களுக்கு நான் இப்போது சொல்லப்போவது: சூட்டோடு சண்டை போடாத ஈஸ்ட்டை எடுங்கள். நார்வேயின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பியருக்குக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் இருக்கிறது, பெயர் க்வைக். ஒரு முறை பியர் முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட்டை மரவளையத்திலோ துணியிலோ காய வைத்து, அடுத்த முறைக்கு எடுத்துப் போடுவார்கள். நாம் தயிருக்கு உறைமோர் எடுத்து வைப்பது போலத்தான், காயவைத்து என்பது மட்டும் வித்தியாசம். வோஸ் வட்டாரத்து வகை 25 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும், 35-ஐத் தாண்டினால்தான் குஷியாகும். அந்தக் குளிர் ஊரில் பிறந்த ஈஸ்ட் நம் ஊருக்கென்றே செய்தது போல இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். காய்ந்த தூளாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. லேசான ஆரஞ்சுத் தோல் மணம் கொடுக்கும், தின்னர் காட்டம் கிடையாது. சிங்கப்பூரில் முதல் முழுத் தானியப் பியரை இதில்தான் போட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

அப்படியானால் டைகர் மாதிரி லாகர் வேண்டும் என்று மச்சான் கேட்டால்? இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். 10, 12 டிகிரியில் வாரக்கணக்கில் வைக்கணும், சின்னத் தப்புக்குக்கூட அதில் ஒளிய இடம் இல்லை. குளிர்ப் பெட்டி வந்த பிறகு பார்க்கலாம்.

சட்டம் பற்றி இரண்டு வரி. சுங்கத்துறை விதிப்படி 18 வயது நிரம்பியவர், தன் வீட்டில், சொந்த உபயோகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் பியர் போடலாம். விற்கக் கூடாது, ஒரு பாட்டில்கூட. வடித்துச் சாராயம் இறக்குவது வேறு கதை, அந்தப் பக்கமே போகாதீர்கள். கடைப் பியரில் ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் 60 வெள்ளி கலால் தீர்வை இருக்கிறது. 5 சதவீதப் பியர் என்றால் லிட்டருக்கு 3 வெள்ளி அதற்கே போகிறது. வீட்டில் செய்தால் மிச்சம் ஆகும், உண்மைதான். ஆனால் பாத்திரச் செலவைக் கணக்குப் போட்டால் முதல் வருடம் எதுவும் மிஞ்சாது. மிச்சம் பிடிக்க என்று இதில் இறங்காதீர்கள்.

சரி, தானியம். "தேக்காவில் பார்லி கிடைக்கிறதே, அதையே முளைகட்டலாமா?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது. கடையில் கஞ்சிக்கு விற்கும் பார்லி அரிசி தோலும் முளையும் சீவிய தானியம், முளைக்கவே முளைக்காது. பியருக்கு வேண்டியது முளைகட்டி, சரியான நேரத்தில் நிறுத்தி, பக்குவமாக உலர்த்திய பார்லி. முளைக்கும்போது தானியத்துக்குள் என்சைம்கள் உருவாகின்றன. அவைதான் பிறகு மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்: முளைகட்டிய மாவில் கஞ்சி கெட்டியாகாது, இனிப்பாக நீர்த்து ஓடும். ஹார்லிக்ஸ் மணம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் மால்ட் பார்லிதான். முதல் முறை நீங்கள் தானியத்தைச் சுடுநீரில் போடும்போது வீடு முழுக்க அந்த மணம் அடிக்கும்.

கேழ்வரகும் அரிசியும் சேர்க்கலாம், முழுவதும் அதிலேயே செய்ய மட்டும் நினைக்காதீர்கள். அரிசி என்றால் குழைய வேகவைத்துத்தான் போடணும், பார்லி மால்ட்டின் என்சைம் அதையும் சேர்த்து வெட்டிவிடும். நெல்லிலிருந்து எடுத்த கள்ளுக்குச் சங்கப் பாட்டில் தோப்பி என்று தனிப் பெயரே இருக்கிறது. நாம் புதிதாக எதுவும் செய்யவில்லை.

10 லிட்டர் பியருக்குக் கணக்கு சொல்கிறேன். ஏன் 10? வழக்கமான செய்முறைகள் 20 லிட்டருக்கு இருக்கும், ஆனால் வீவக சமையலறை அடுப்பில் அவ்வளவு கொதிக்க வைப்பது பாடு, குளிர வைப்பது அதைவிடப் பாடு. வெளிர் ஏல் மால்ட் 1.9 கிலோ, கோதுமை மால்ட் 200 கிராம், கிரிஸ்டல் மால்ட் 100 கிராம். காஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 35 கிராம். வோஸ் ஈஸ்ட் அரைப் பொட்டலம். வீட்டுப் பியர்ப் பொருள் விற்கும் கடையில் தானியத்தை அரைத்தே கொடுப்பார்கள். பையில் செய்யப்போகிறேன், கொஞ்சம் நைசாக உடைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். மாவாக வேண்டாம், ரவை போல உடைந்து உமி மட்டும் முழுசாக இருக்கணும். அரைத்ததை ஈரம் புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளியே வைத்தால் வண்டு வரும்.

பாத்திரம் மூன்றே மூன்று: 20 லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் பானை, நம்பத் தகுந்த வெப்பமானி, ஒரு துணிப் பை. சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளில் பிரியாணிக்கு வாங்கும் பானையே போதும். பைக்கு பாலியெஸ்டர் வாய்ல் (voile) துணி, திரைச்சீலைக்கு வாங்குவார்களே அந்த மெல்லிய துணி. பானை உள்ளே இறங்கும் அளவுக்குத் தைத்து, வாயில் நாடா கோத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி வேண்டாம், கனத்தில் கிழியும். தானியத்தைப் பையில் போட்டு ஒரே பானையில் செய்யும் இந்த முறையை ஆஸ்திரேலியர்கள்தான் பரப்பினார்கள். மூன்றடுக்குப் பாத்திரங்களில் செய்வதை விட இதில் தரம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். குறைவில்லை.

பானையில் பதினைந்தரை லிட்டர் தண்ணீர், கால் கேம்டன். 2 கிலோவாட் மின்னடுப்பில் ஏறக்குறைய 25 நிமிடத்தில் 69 டிகிரி வரும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். குளிர் ஊர்ப் புத்தகத்தில் 71, 72 என்று போட்டிருக்கும், ஏனென்றால் அவர்கள் தானியத்துக்குத் தண்ணீரைக் குறைவாக ஊற்றுவார்கள், தானியமும் சில்லென்று இருக்கும். நம் தானியம் 30 டிகிரியில் இருக்கிறது, தண்ணீரும் நிறைய, போட்டதும் இரண்டு டிகிரிதான் இறங்கும். அடுப்பை அணைத்து, பையை இறக்கி, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி பிடிக்காமல் கிளறுங்கள். உப்புமாவுக்கு ரவை தூவும் அதே கை. 66, 67-இல் நிற்கும். மூடிப் பழைய போர்வையைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த ஊரில் போர்வைக்குள் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது.

இந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்க்கணும், நாக்கால் பார்க்கணும். கலந்த ஐந்தாவது நிமிடம் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதிக் குடித்துப் பாருங்கள். கஞ்சித் தண்ணீர், கலங்கல், சப்பென்று இருக்கும். இருபதாவது நிமிடம் மறுபடி எடுங்கள். மேலே தெளிந்து, தேன் நிறம் வந்து, கரும்புச் சாறு போல இனிக்கும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட யாரும் போடவில்லை. நான் எத்தனை முறை செய்தாலும் இந்த இருபது நிமிடத்தில் பானையை விட்டு நகர மாட்டேன். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் ஒரு சொட்டு சேர்த்துப் பாருங்கள். கறுநீலம் ஆனால் மாவு மிச்சம் இருக்கிறது, பழுப்பாகவே நின்றால் முடிந்தது. சோதித்த சொட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இதில் இரண்டு என்சைம் வேலை செய்கிறது. பீட்டா அமைலேஸ் 65-க்குக் கீழே உற்சாகம், ஈஸ்ட் முழுவதும் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமைலேஸ் 70-ஐ ஒட்டி உற்சாகம், ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கும். அதனால் 65-இல் செய்தால் பியர் வறட்சியாக, லேசாக இருக்கும், 69-இல் செய்தால் கனமாக, தித்திப்பாக இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு எனக்கு 65-ஐ ஒட்டிய சூடுதான் பிடிக்கும். கனமான பியரை இரண்டாவது கிளாஸ் யாரும் கேட்பதில்லை.

பையைத் தூக்குங்கள், 4 கிலோவுக்கு மேல் கனக்கும், ஆவி கையில் அடிக்கும், அதனால் தடித்த ரப்பர் கையுறை. பானைக்கு மேல் சல்லடை வைத்து அதில் உட்கார வைத்துப் பிழிந்துவிடுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்பார்கள், பை முறையில் அப்படி நான் ஒருமுறையும் கண்டதில்லை.

அடுத்து ஒரு மணி நேரக் கொதி. மூடி போடாதீர்கள், டிஎம்எஸ் என்ற, வேகவைத்த சோள வாடை தரும் பொருள் ஆவியோடு வெளியேறணும். கொதி தொடங்கும் நிமிடம் பால் பொங்குவது போலவே பொங்கும். பக்கத்திலேயே நின்று நுரையைக் கலைத்துவிட்டால் அடங்கிவிடும். அடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸ், இது கசப்புக்கு. கடைசியில் அடுப்பை அணைத்ததும் மிச்சம் 20 கிராம், இது மணத்துக்கு. மணி நேரத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஆவியாகப் போகும், சமையலறைச் சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பலகை அலமாரி ஊதிவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். நான் கொதிக்க வைக்கும் நாளில் வாசல் பக்கத்துக் கதவை மூடிவிட்டு, பின்பக்கச் சன்னலைத்தான் திறப்பேன். நோன்பு மாதத்தில் பியர் போடுவதே இல்லை. அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் ஒரே மாடியில் இருக்கிறோம்.

குளிர வைப்பதில் இன்னொரு சிங்கப்பூர்ச் சிக்கல். குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி. செப்புச் சுருளில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சாதாரண ஏல் ஈஸ்ட் என்றால், பாத்திரம் கழுவும் தொட்டியில் பானையை வைத்து, குழாய்த் தண்ணீரை மாற்றி மாற்றி 40 வரை இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஐஸ் போடணும். அப்படிச் செய்தால் 10 லிட்டருக்கு 3 கிலோ ஐஸில் முடியும். கொதிக்கும் பானையில் நேராக ஐஸைச் சுற்றிக் கொட்டினால் 10 கிலோவும் பற்றாது. க்வைக் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. 36 டிகிரி வந்ததும் வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவிவிடலாம். 70 டிகிரிக்குக் கீழே வந்த நிமிடத்திலிருந்து, தொடும் எல்லாவற்றுக்கும் கிருமிநீக்கி தெளித்தே ஆகணும்.

வாளியில் ஊற்றும்போது உயரத்திலிருந்து, டீ ஆற்றுவது போல நுரைக்க ஊற்றுங்கள், ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும். சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.048-ஐ ஒட்டி வரணும். அந்தக் கருவி 20 டிகிரிக்கு அளவிட்டது, 30 டிகிரிச் சாற்றில் பார்த்தால் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1.045 என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். வாளியைப் போர்வையில் சுற்றி வையுங்கள், ஆமாம், இந்த ஊரிலும் போர்வைதான், க்வைக்குக்கு 35 வேண்டும். ராத்திரிக்குள் குமிழி அடிக்கத் தொடங்கும். மூன்று நாளில் சத்தம் நின்றுவிடும். நின்றதும் பாட்டிலில் ஊற்றாதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் 1.010 பக்கத்தில் ஒரே எண் காட்டினால்தான் முடிந்தது. 5 சதவீதப் பியர்.

பாட்டிலுக்குச் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மொத்தத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கலந்துவிட்டுப் பாட்டிலில் பிடிப்பது நல்லது. என் நண்பர் ஒருவர் சேசோன் என்ற பெல்ஜிய வகைப் பியருக்கான ஈஸ்ட்டில் போட்டு, நின்றுவிட்டது என்று அவசரப்பட்டுப் பாட்டிலில் ஊற்றிவிட்டார். அந்த வகை மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் பெரிய சர்க்கரையையும் மெல்லத் தின்னும். இரவு இரண்டு மணிக்கு, "அண்ணே, அலமாரிக்குள்ள வெடிக்குது" என்று போன். நல்லவேளை, யாருக்கும் கண்ணாடி படவில்லை. முதல் சில முறை தடித்த பியர் பாட்டில்களை மட்டும் பயன்படுத்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக வைத்துக்கொண்டால், அமுக்கிப் பார்த்தே கியாஸ் ஏறியதா என்று தெரிந்துவிடும்.

நம் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் நுரை பிடித்துவிடும். பிடித்ததும் எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டிக்குள் தள்ளுங்கள். வெளியே விட்டால் ஹாப்ஸ் மணம் முதலில் போகும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். வெளியே இரண்டு மாதம் என்பது இங்கே மிக நீண்ட காலம். 10 லிட்டராகப் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையில் மிஞ்சிய சக்கையை அன்றைக்கே அகற்றிவிடுங்கள், ஒரே நாளில் புளித்து நாறிவிடும். மாடியிலிருந்து குப்பை இறங்கும் குழாயில் போடுவதானால் இரண்டு பை போட்டு இறுகக் கட்டி. நான் ஒரு கைப்பிடி எடுத்து அடை மாவோடு சேர்த்து அரைப்பேன், உமி கொஞ்சம் நெருடும், மணம் நன்றாக இருக்கும்.

உங்கள் ஆறு வாரத்துக்கு வருவோம். இந்த வாரம் பொருள் வாங்குங்கள், வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் வாளியை மூடிவிடலாம். அடுத்த ஞாயிறு பாட்டிலில் பிடியுங்கள். அதிலிருந்து பத்து நாள் வெளியே, பிறகு நான்கு நாள் குளிரில், அடி மண்டி இறங்கித் தெளிய. மூன்றரை வாரத்தில் முதல் பாட்டிலைத் திறந்து நீங்களும் வீட்டிலும் ருசி பாருங்கள். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் இன்னொரு முறை போட்டு முடிக்க உங்களுக்கு நாள் மட்டுமட்டாக இருக்கிறது, கடைசி நான்கு நாள் குளிரை மட்டும் விட வேண்டியிருக்கும், அதனால் வோஸ் பொட்டலத்தின் மறுபாதியை இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருங்கள். 330 மில்லி பாட்டிலில் மண்டி கழித்து 28 வரும். மச்சானுக்கு ஊற்றும்போது அடியில் ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.